அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஜார்ஜ்டவுன் வா, தம்பி

ஈப்போ
4 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மழைக்காலம் என்பதால் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறார். பூசையை மட்டும் விடுவதில்லை.

பிராக் நகரத்திலிருந்து நீ அனுப்பிய படங்களை அம்மா எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கே இல்லை. கோபுரங்களையும் பெரிய கிறிஸ்துமஸ் மரத்தையும் பார்த்து வியந்தார். உன் மகள், என் மருமகள், கம்பளித் தொப்பியோடு நிற்கும் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். கடைக்குக் கொண்டுபோய் அச்சுப்போட்டுக் கொடுத்தேன். “அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்களும் ஐரோப்பாவுக்கு வாருங்கள் அக்கா, பழைய நகரம் ஒன்றில் எல்லாரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடலாம்” என்று லண்டனிலிருந்து போனில் சொன்னாய். உன் பாசம் புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்காரவும் முடியாது, அந்தக் குளிரைத் தாங்கவும் முடியாது. உனக்கு நான் சொல்ல வேண்டிய பதில் போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்களும் ஒரு பழைய நகரத்துக்குப் போனோம். ஐரோப்பியர் வரைந்து, ஐரோப்பிய ராஜா ஒருவரின் பெயரை வைத்த நகரம்தான். பினாங்கு ஜார்ஜ்டவுன். “அம்மா பிறந்த ஊர். பிள்ளைகள் நாசி கண்டார் சாப்பிடவும் கொடிமலை ஏறவும்தான் அங்கே போயிருக்கிறார்கள். இந்த முறை ஊரைக் காட்டுவோம்” என்று உன் அத்தான் சொன்னார். ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் வரைக்கும் ரயில். அங்கிருந்து பாலத்தில் வாடகைக் கார் பிடித்துப் போகலாம் என்றதற்கு அம்மா ஒப்பவே இல்லை. பெர்ரியில்தான் போக வேண்டுமாம். கார்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய பெர்ரி இப்போது இல்லை. 2023 முதல் புதுக் கப்பல்கள் ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். ஆனாலும் கடற்காற்று அதே காற்றுதான். கொம்தார் கட்டடமும் அதன் பின்னால் மலையும் தெரிய ஆரம்பித்ததும் அம்மா இருக்கையை விட்டு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரை சேரும்வரை உட்காரவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இந்தத் தீவில் கொடியேற்றினார். மறுநாள் இளவரசரின் பிறந்தநாள் என்பதால் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் வைத்தார். ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். நான் பிள்ளைகளுக்குச் சொன்னது அதற்கு அடுத்து நடந்தது. லைட் கொடியேற்றிச் சில நாளிலேயே, மாதா விண்ணேற்புத் திருநாளை ஒட்டி, கோலக் கெடாவிலிருந்து ஒரு கத்தோலிக்கக் கூட்டம் இங்கே வந்து இறங்கியது. போர்த்துகீசிய ரத்தமும் இந்த மண்ணின் ரத்தமும் கலந்த குடும்பங்கள். கார்னோ என்ற பிரெஞ்சுச் சாமியார் அவர்களை மேய்த்து வந்தார். அதனால்தான் அவர்கள் கட்டிய கோயிலுக்கு விண்ணேற்பு மாதா பெயர். இன்று லெபோ ஃபார்குவாரில் நாம் பார்க்கிற கட்டடம் 1861-ஐச் சேர்ந்தது. ஊர் பிறந்த அதே மாதத்தில் விசுவாசமும் இங்கே குடியேறிவிட்டது என்று சொன்னபோது அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஆங்கிலிக்கர்களுடையது. 24-ஆம் தேதி காலையில் போனோம். வெள்ளை வெளேரென்று தூண்கள், மேலே எண்கோணக் கூர்கோபுரம், முன்னால் பச்சைப் புல்வெளி, அதில் லைட்டின் நினைவாக 1886-இல் கட்டிய சிறு மண்டபம். உள்ளே கிறிஸ்துமஸுக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. தென்கிழக்கு ஆசியாவிலேயே ஆங்கிலிக்கர்கள் வழிபாட்டுக்கென்று கட்டிய மிகப் பழைய தேவாலயம் இதுதான். 1818-இல் கட்டி முடித்தார்கள். நீ சென்னையில் படித்த காலத்தில் கதீட்ரல் சாலை வழியாகப் பஸ்ஸில் போவாயே, அந்தச் சாலைக்குப் பெயர் தந்த தேவாலயத்தைப் பார்த்துத்தான் இதைக் கட்டினார்கள். கூரையைக்கூட முதலில் மதராஸ் பாணியில் மொட்டைமாடியாகப் போட்டிருந்தார்கள். இங்கே பெய்கிற மழைக்கு அது சரிப்படவில்லை என்று 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள்.

சின்னவன் ஒரு தூணில் உள்ளங்கையை வைத்து, அண்ணாந்து பார்த்து, “இதை யாரும்மா கட்டினது?” என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன். இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டினார்கள் என்றேன். 1790 முதல் கம்பெனி தன் கைதிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிவைத்தது. இந்த ஊரின் சாலை, சாக்கடை, கோட்டைச் சுவர், இந்தத் தூண் எல்லாவற்றிலும் அவர்கள் வியர்வை இருக்கிறது. “திருடர்களா?” என்றான். எல்லாரும் இல்லை ஐயா என்று மண்டபத்துப் படியில் உட்காரவைத்து மருது பாண்டியர் கதையைச் சொன்னேன்.

தம்பி, நாம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. சிவகங்கைச் சீமையில் கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அவர்களோடு நின்றவர்களில் 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இந்தப் பினாங்குத் தீவுக்குக் கடத்தினார்கள். அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அப்போது மீசை அரும்பாத வயது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி, தன் இளவயதில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவை எதிர்த்த படையிலும் இருந்தார். அவர் 1818-இல் பினாங்கு வந்தபோது துரைசாமியை இங்கே பார்த்திருக்கிறார். வயதுக்கு மீறித் தளர்ந்துபோன ஒரு மனிதராக அவர் முன்னால் வந்து நின்றாராம் அந்தச் சீமையின் பிள்ளை. வெல்ஷே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த 1818-இல்தான் இந்தத் தேவாலயமும் எழும்பி நின்றது. துரைசாமி இந்தக் கல்லைச் சுமந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வெள்ளைத் தூண்கள் எழுந்த அதே வருடம், இதே ஊரில், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தார். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தத் தேவாலயத்தை வெறும் அழகான ஐரோப்பியக் கட்டடமாகப் பார்க்க முடியவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, கட்டியவர்களுக்காக ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். புல்வெளியில் நின்றபடியே எல்லாரும் சொன்னோம். சின்னவனும் வாய்விட்டுச் சொன்னான்.

அங்கிருந்து பழைய பிட் தெரு வழியாக நடந்தோம். வெயில் ஏறிவிட்டதால் அம்மாவுக்கு டிரைஷா பேசி அமர்த்தினோம். தேவாலயம், சீனர்களின் கருணைத் தாய் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பின்பக்கம் லெபோ குயினில் மகா மாரியம்மன் கோயில் என்று எல்லாம் ஒரு நடை தூரம்தான். 1801-இல் அந்தப் பள்ளிவாசலுக்கு அடித்தளம் போட்ட காதர் முகைதீன் நம் பரங்கிப்பேட்டைக்காரர். மாரியம்மன் கோயில் 1833-இல் எழும்பியது. நாகூர் ஆண்டவருக்கும் சூலியா தெரு முனையில் ஒரு தர்கா இருக்கிறது. நம் கரையிலிருந்து வந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்களோ அந்தச் சாமிக்கு ஒரு கூரை போட்ட பிறகுதான் ஓய்ந்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இத்தனை சமயத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த வாழ்க்கையும் ஒரு முக்கியமான காரணம்.

லிட்டில் இந்தியாவில் அம்மா பழைய ஆளாகிவிட்டார். அவர் வாயில் அது இன்னும் கடைத்தெருதான். ஒரு பூக்கடையில் நின்று மல்லிகைச் சரத்தைக் கையால் அளந்து, பேரம் பேசி வாங்கினார். பூக்காரர் நெற்றியில் திருநீறு. “பெரிய நாளும் அதுவுமா வந்திருக்கீங்க, கூட ஒரு முழம் வச்சுக்குங்கம்மா” என்று காசு வாங்காமல் நறுக்கிக் கொடுத்தார். அந்தப் பூவை அம்மா தலையில் வைக்கவில்லை. பாலன் இயேசுவுக்கு என்று கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

இரவுப் பூசைக்குப் பினாங்கு ரோட்டில் இருக்கும் புனித சவேரியார் கோயிலுக்குப் போனோம். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1857-இல் எழுப்பிய கோயில். அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான் என்பது உனக்குத் தெரியும்; பிள்ளைகளுக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து அம்மாவுக்கு இடம்விட்டது. பட்டுப்புடவைகளும் மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. பாடல் ஆரம்பித்ததும் அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எல்லா அடிகளும் அவருக்கு மனப்பாடம். மலாய்ப் பள்ளியில் படிக்கிற பெரியவளுக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும். அன்றைக்குப் பாட்டியின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே முழுப் பாட்டையும் பாடிவிட்டாள்.

பூசை முடிந்ததும் குடிலுக்குப் போனோம். வைக்கோலுக்குப் பதிலாக உலர்ந்த லாலாங் புல்லைப் பரப்பியிருந்தார்கள். அம்மா குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து, “தோட்டத்துக்குக் கல்யாணமாகிப் போன பிறகு நானும் உங்கப்பாவும் இதைத்தான் அரிவாளால அறுத்துக் காயவச்சுக் குடில் கட்டினோம். விரல்ல ரத்தம் வந்துரும்” என்றார். பெரியவள் அந்தப் புல்லின் ஓரத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். மல்லிகைச் சரத்தைத் தொட்டிலின் காலில் சுற்றிக் கட்டியது அவள்தான்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் புலாவ் தீக்குஸில் பெரியம்மா வீட்டில் பசியாறினோம். இட்லியும் கோழிக்கறியும், முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை. பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அதிரசத்துக்குப் பாகுபதம் விரலில் தொட்டே கண்டுபிடிக்கிறார். மதியம் வரைக்கும் வீட்டில் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். திறந்த இல்ல உபசரிப்பு என்று அழைப்பிதழ் அடித்துச் செய்வதெல்லாம் இப்போது வந்தது. அந்த வீட்டில் கதவு எப்போதும் திறந்துதான் இருந்திருக்கிறது. சீன அண்டை வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பெட்டி கொண்டுவந்தார். எதிர்வீட்டு யூரேசிய அம்மா டெவில் கறியும் சூஜி கேக்கும் கொண்டுவந்தார். ரவையும் பாதாமும் வெண்ணெயும் போட்ட அந்தக் கேக்கை அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, எப்படிச் செய்வது என்று மலாயில் கேட்டு வாங்கிக்கொண்டார். 1786 ஆகஸ்டில் வந்து இறங்கிய கூட்டத்தைப் போன்ற யூரேசியக் குடும்பங்கள் பல இந்தப் புலாவ் தீக்குஸ் பக்கம்தான் வாழ்ந்தன. அந்த அம்மாவும் தன் மூதாதையர் கெடாவிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னபோது பெரியவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

மறுநாள் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனோம். பிள்ளைகள் பீரங்கிகளைப் பார்க்க ஓடினார்கள். அம்மா கொடிமரம் எங்கே என்று கேட்டார். ஏன் என்று கேட்டால், அம்மாவைப் பெற்ற ஆயா சொன்ன கதை.

1941 டிசம்பர் 11. ஜப்பான் விமானங்கள் வந்தபோது சண்டை விமானம் என்றால் என்னவென்று அறியாத ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குண்டு அவர்கள் தலையிலேயே விழுந்தது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அந்த மாதக் குண்டுவீச்சில் அடிபட்டது; 1948-இல்தான் மறுபடி வழிபாடு தொடங்கியது. சில நாளிலேயே வெள்ளைக்காரர்கள் தங்கள் குடும்பங்களோடு சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆண்ட ஊரை, அங்கே வாழ்ந்த தமிழரையும் சீனரையும் மலாய்க்காரரையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டையில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஊரைக் காக்க ஆளில்லை என்று தெரியாமல் ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கையிலிருந்து வந்த மாணிக்கசோதி சரவணமுத்து. அவர் தலைமையில் எல்லா இனத்தாரும் சேர்ந்த ஒரு குழு, ஊரில் கொள்ளையை அடக்கி, உணவுக்கு ஏற்பாடு செய்தது. டிசம்பர் 19-இல் ஜப்பான் படை உள்ளே வந்தது. அதற்கு ஆறாம் நாள் கிறிஸ்துமஸ்.

ஆயா குடும்பம் அப்போது ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடி ஒளிந்திருந்தது. ஒரு சொந்தக்காரர் கொட்டகையில், வெளிச்சம் வெளியே தெரியாமல் சாக்கைக் கட்டி, ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஜெபமாலை சொல்லி அந்தக் கிறிஸ்துமஸைக் கொண்டாடினார்கள். பாட்டுப் பாடவில்லை. பலகாரம் இல்லை. “அந்த ஒரு வருசம்தான் அதிரசம் சுடல” என்று ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பாராம். இந்தக் கதையை அம்மா கொடிமரத்தடியில் நின்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரவணமுத்துவைப் பற்றி ஏன் எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் பெரிதாக இல்லை என்று கேட்டாள். நீ படித்து எழுது என்றேன். அவர் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதியிருக்கிறார், ‘தி சாரா சாகா’ என்று. தேடி வாங்கித் தருவதாக அத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

தம்பி, உன் அழைப்புக்கு இதுதான் என் பதில். பிராகும் வியன்னாவும் அழகான ஊர்கள்தான். என் மருமகள் அவற்றைப் பார்த்து வளர்வது எனக்கும் பெருமை. ஆனால் அந்த ஊர்களில் அவள் விருந்தாளி. ஜார்ஜ்டவுனில் அவள் சொந்தக்காரி. அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் வேறு யாரோ. தூணை நிறுத்தியது நம் ஆட்கள், கோயிலை எழுப்பியது நம் ஆட்கள், ஆண்டவர்கள் ஓடிப்போனபோது ஊருக்குப் பொறுப்பாக நின்றவர்களிலும் நம் ஆள் இருந்தார். லண்டன் பள்ளிக்கூடத்தில் யாராவது அவளிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால், தலை நிமிர்ந்து சொல்ல அவளுக்கு இந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். படத்திலும் புத்தகத்திலும் காட்டினால் போதாது. அந்தத் தூணை அவள் கையால் தொட வேண்டும். இந்தக் கதைகளை அவள் பாட்டியின் வாயால் கேட்க வேண்டும். அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இதற்குமேல் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வரும் டிசம்பருக்கு இப்போதே லீவு எழுதிக்கொடு. டிக்கெட்டை ஜூன், ஜூலைக்குள் எடுத்துவிடு, பண்டிகை நெருங்கினால் விலை ஏறிவிடும். நேராகப் பினாங்குக்கே வந்து இறங்கு. நாங்கள் அம்மாவோடு முன்னாலேயே போய்க் காத்திருக்கிறோம். தங்குவதற்குப் பெரியம்மா வீட்டிலேயே மாடியறை இருக்கிறது, ஹோட்டல் என்ற பேச்சை எடுத்தால் அவருக்குக் கோபம் வரும். மருமகளுக்கு இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடு. பெரியவள் தான் கற்றுக்கொண்ட பாட்டைப் போனில் பதிவுசெய்து அனுப்புவாள். கம்பளித் தொப்பி வேண்டாம், பருத்திச் சட்டைகள் போதும்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “டிசம்பர்ல வர்றியா இல்லையான்னு ஒரே வார்த்தையில பதில் போடச் சொல்லு” என்கிறார். வருகிறேன் என்று எழுது.

அன்புடன்,
உன் அக்கா